இருபதாவது கட்டம்

மருத்துவமனையின் ஸ்கேன் துறைத் தலைவருக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் ஜன்னல் டாக்டர். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தத் தூரம் அவருடைய அறைக் கதவிலிருந்து ஏறக்குறைய ஆறடி. எந்த ஃபிலிமையும் அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். அறையில் விளக்குப் பெட்டி இருந்தது. அதன் மேல் அவருக்கு வந்த நினைவுப் பரிசுகள் இருந்தன. மேசையில் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மேல் உறை இருந்தது. "கம்ப்யூட்டரைப் பாக்குறவன் ஆபரேட்டர், ஃபிலிமைப் பாக்குறவன்தான் டாக்டர்" என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கைதட்டலுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்துவந்தார்.

அவருடைய ரிப்போர்ட்டில் 'இருக்கலாம்' என்ற சொல் வராது. "இருக்கலாம்னு சொல்றதுக்கு இத்தனை வருஷம் படிக்கணுமா? அதைப் பக்கத்து வீட்டுக்காரனே சொல்லிட்டுப் போவானே" என்பார். மனித உடலை அவர் இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: மனுஷர் பார்த்தால் சொல்லிவிடுவார். பார்ப்பதுதான் குறைந்துபோயிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய மருமகன் வந்தார். விளம்பரப் பலகைகள் வடிவமைப்பவர். மாமனாரின் ஃபிலிம் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது எத்தனை டாக்டர் கைக்குப் போகுது, எத்தனை வீட்டு பீரோவுக்குப் போகுது? இதுல உங்க முகம் எங்க?" என்று கேட்டார். இருபது கட்டங்களிலும் யாரோ ஒருவரின் மண்டை இருந்தது. கேள்வி மாமனாரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே வாரத்தில் முத்திரை தயாரானது: கைகளைக் கட்டிக்கொண்டு சற்றே மேலே பார்க்கும் ஜன்னல் டாக்டர், கீழே நான்கு வரியில் பட்டங்கள், அதற்கும் கீழே 'துல்லியமே எங்கள் மூச்சு'.

முத்திரைக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டது. இந்த மெஷின் ஒரு தலையை, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல, மேலிருந்து கீழாக இருபது படமாக எடுக்கும். ஃபிலிமில் ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு, ஆக இருபது கட்டம். மெஷினைச் செய்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தார்கள். மருமகனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மெஷினை இயக்குபவள் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே குளிர், அதே சால்வை. அவளைவிட மூத்த டாக்டர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்; ஜன்னல் டாக்டர் மட்டும் "என்னம்மா" என்பார். முத்திரை வந்த முதல் நாள் அக்கா உச்சந்தலைப் படத்தை விட்டுவிட்டு மற்ற பத்தொன்பதையும் ஃபிலிமில் போட்டாள்.

"என்னம்மா இது, மொட்டை மாடி இல்லாத வீடு மாதிரி?"

மறுநாள் உச்சியைச் சேர்த்து, அடிப்படத்தை விட்டாள்.

"இப்போ வாசப்படி இல்ல."

"அப்போ எதை விடட்டும் டாக்டர்?"

"நடுவுல ஒண்ண விடு. நடுவுல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

மருமகன் வந்து, பதினொன்றாவது படத்தைத் தானாகவே விட்டுவிடும்படி மெஷினில் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஏன் பதினொன்று என்று அக்கா கேட்டதற்கு, "பத்து நல்ல நம்பர்க்கா, அதை விட முடியாது" என்றார். அதன் பிறகு அங்கே ஸ்கேன் எடுத்துக்கொண்ட எல்லோரும் பதினொன்றாவது துண்டு இல்லாத தலையோடு வீடு திரும்பினார்கள். யாரும் வந்து குறை சொல்லவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். நாற்பத்தாறு வயது. சனிக்கிழமை சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தபோது அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. கையும் காலும் வெட்டி இழுத்ததை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த புது மாணவி கிளட்ச் பற்றிய விளக்கம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்திருக்கிறாள். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். ஜன்னல் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பத்தொன்பது கட்டத்துக்கு அரை நிமிஷம், இருபதாவது கட்டத்துக்கு அரை நிமிஷம். ரிப்போர்ட் நான்கே வாக்கியம்: மூளையின் இடது முன்பகுதியில் வளையம்போல் ஒளிரும் கட்டி. சுற்றிலும் வீக்கம். வீரியமுள்ள புற்றுக்கட்டி, சந்தேகமில்லை. அகற்ற வேண்டும்.

சர்ஜன் வியாழக்கிழமை காலை ஒன்பது மணி என்று குறித்தார்.

வாத்தியாரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன், பொறுப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். பொறுப்பு என்றால் ஃபோன். "சாதாரணக் கட்டி இல்லீங்க, மூளைக்குள்ள. பெரிய டாக்டரே சந்தேகமில்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று திங்கட்கிழமை மாலைக்குள் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டார். பிறகு தெரியாதவர்களுக்கும் ஆரம்பித்தார். வாத்தியாரின் கட்டிலடியில் ஆரஞ்சுப் பழம் குவிந்தது. பத்து வருஷத்துக்கு முன் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்கூட வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் பழப்பையைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் வாத்தியாரின் மனைவி ஸ்கேன் அறைக் கவுண்டருக்கு வந்தாள். படங்களை சிடியில் போட்டு வாங்கிவரும்படி சர்ஜன் அனுப்பியிருந்தார். அக்கா சிடியை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். மனைவி கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க."

"கேளுங்க."

"படம் எடுக்கும்போது இவரு அசைஞ்சாரா?"

"இல்லையே. கல்லு மாதிரி படுத்திருந்தாரு."

"கொஞ்சம்கூடவா? வீட்டுல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாரு. சேர்ல உக்காந்தாகூட கால் கியர் மாத்திக்கிட்டே இருக்கும். அசைஞ்சா படம் தப்பா வரும்னு பக்கத்து பெட்டுல சொன்னாங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அசைஞ்சிருந்தா சொல்லிடுங்கக்கா. நான் அவரைத் திட்ட மாட்டேன். மறுபடி எடுத்துடலாம்."

இந்தக் கேள்வியை அக்கா இருபத்திரண்டு வருஷத்தில் பல வாய்களிலிருந்து கேட்டிருந்தாள். மெஷின் பழசா, ஆள் மாறிவிட்டதா, கரண்ட் போய் வந்ததா என்று அது வெவ்வேறு உருவத்தில் வரும். "அசையலம்மா" என்றாள்.

எழுதி முடித்த சிடி திறக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுப்பது அக்காவின் பழக்கம். திறந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பத்தாவது படத்தில் வளையம் இருந்தது. பன்னிரண்டாவதிலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், ஃபிலிமில் ஏறாத பதினொன்றாவது படத்திலும் அதே வளையம். அதற்குள், ஓரமாக, சுவரை ஒட்டினாற்போல் வெள்ளையாக ஒரு புள்ளி. கடுகில் பாதி இருக்கும்.

அக்கா முன்னும் பின்னும் போய்ப் பார்த்தாள். புள்ளி அங்கேயே இருந்தது. அவள் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் புள்ளியை இதற்கு முன்னால் ஏழெட்டுத் தலைகளில் பார்த்திருக்கிறாள். அந்த ஏழெட்டுப் பேரும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனவர்கள்.

"சிடி சரியா விழலம்மா. சாயங்காலம் வாங்க."

"அவரு அசைஞ்சதாலயா?" என்று மனைவி ஆசையோடு கேட்டாள்.

ஸ்கேன் துறையில் இன்னொரு டாக்டரும் இருந்தார். பதிமூன்று வருஷமாக இரண்டாவது இடத்தில் இருப்பதால் அவருக்கு இரண்டாவது டாக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அக்கா அவரைக் கையோடு கூட்டிவந்து பதினொன்றாவது படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்.

"புழு" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

"வளையத்தை யார் வேணா போடுவாங்கக்கா. கட்டி போடும், சீழ் போடும், புழுவும் போடும். இப்படி உள்ள புள்ளி வைக்கிறது புழுதான். நாடாப்புழுவோட குஞ்சு மூளைக்குள்ள போய்ப் பையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. அந்தப் புள்ளி அதோட தலை. வளையத்தையும் பாருங்க, எவ்வளவு சன்னமா, வழவழன்னு இருக்கு. புற்றுன்னா தடிச்சு, கரடுமுரடா இருக்கும்."

"அப்போ தலையைத் திறக்க வேணாம்?"

"எதுக்கு? மாத்திரை போதும்."

"அப்போ போய் அவர்கிட்ட சொல்லுங்க."

"நானா?" இரண்டாவது டாக்டர் கதவைப் பார்த்தார். "சந்தேகமில்லைன்னு அவரு கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் போய்ச் சந்தேகம்னு சொன்னா அது கருத்து இல்லக்கா, ராஜினாமா. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா வெறும் தகவல்தான்."

அக்கா முதலில் சர்ஜனைப் பிடித்தாள். அவர் எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறவர். தாழ்வாரத்தில் அவரோடு அரை ஓட்டமாகப் போக வேண்டியிருந்தது.

"புள்ளியா? ரொம்ப சந்தோஷம். ரிப்போர்ட்டை மாத்தி எழுதி, கையெழுத்தோட என் கைக்கு வரட்டும், அந்த நிமிஷமே நிறுத்திடுறேன். தலையைத் திறக்கணும்னு எனக்கென்ன ஆசையா?"

"நீங்களே ஒரு தடவை படத்தைப் பாத்தா..."

"பாத்துட்டு? அவர் ரிப்போர்ட்டுக்கு மேல நான் பேசினா, நாளைக்கு என் ஆபரேஷனுக்கு மேல அவர் பேசுவாரு. நாங்க ரெண்டு பேரும் பதினஞ்சு வருஷமா சண்டை இல்லாம இருக்கோம்னா, சும்மாவா?" என்று சொல்லிக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விட்டார்.

மிச்சமிருந்தது ஜன்னல் டாக்டர். அக்கா கதவைத் தட்டி உள்ளே போனபோது அவர் ஒரு வாழ்த்துரைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்த டிரைவிங் வாத்தியார் தலை. பதினோராவது படத்துல ஒரு புள்ளி தெரியுது."

"ஃபிலிம்ல பாத்தேனே. புள்ளி எதுவும் இல்ல."

"அந்தப் படம் ஃபிலிம்ல இல்ல டாக்டர்."

"ஏன் இல்ல?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். "இடம் இல்ல டாக்டர்."

"இடம் இல்லாத படம் முக்கியமான படமா இருக்காதும்மா" என்று ஜன்னல் டாக்டர் பரிவோடு சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு தடவை பாத்தீங்கன்னா..."

அவர் பேனாவை மூடினார். உறை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "என்னம்மா, நான் ஆபரேட்டரா?"

அக்கா வெளியே வந்தாள். சாயங்காலம் வாத்தியாரின் மனைவி மறுபடி வந்து நின்றாள். சிடியை வாங்கிக்கொண்டு போனாள். புள்ளியைப் பற்றி அக்கா சொல்லவில்லை. கையெழுத்து இல்லாத நல்ல செய்தியை அந்த மருத்துவமனையில் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஆபரேஷனுக்குப் போகும் ஃபிலிம்களில் முந்தைய நாள் ஜன்னல் டாக்டர் வெள்ளைப் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. போடும்போது ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்ப்பார். போன மாதம் பிரிண்டர் கோளாறில் அவர் முகம் கறுத்துப்போய், நாற்பது ஃபிலிமைத் திருப்பி அனுப்பியிருந்தார். நாற்பது மண்டைகளும் நன்றாகத்தான் வந்திருந்தன. அன்றிலிருந்து எந்த ஃபிலிமும் அவருடைய முகப் பரிசோதனையில் தேறாமல் வெளியே போவதில்லை.

புதன்கிழமை காலை அக்கா பதினொன்றாவது படத்தை மட்டும் தனியாக ஒரு ஃபிலிமில், கட்டத்தின் அதே அளவில் அச்சிட்டாள். முத்திரையை நீக்க மெஷினில் வழி இல்லை. அதற்கு மருமகனின் பாஸ்வேர்டு வேண்டும். மேலே ஒட்டலாமென்றால் ஃபிலிம் கண்ணாடி மாதிரி. மூளைக்குள் ஜன்னல் டாக்டர் கை கட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே ஒரு பிளேடும் ஸ்கேலும் எடுத்தாள். வாத்தியாரின் ஃபிலிமில் வலது கீழ் மூலைக் கட்டத்தை நான்கு பக்கமும் சீராக அறுத்து எடுத்தாள். அந்த ஓட்டையில் பதினொன்றாவது படத்தைப் பொருத்தி, விளிம்பில் மட்டும் ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டினாள். கட்டத்திலிருந்து விடுபட்ட ஜன்னல் டாக்டர் மேசையில் மல்லாந்து கிடந்து விட்டத்தைப் பார்த்தார்.

"இது தெரிஞ்சா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா" என்றார் இரண்டாவது டாக்டர்.

"தெரியணும்னுதானே ஒட்டுறேன்."

"நான் இதைப் பாக்கல."

"நீங்க எதைப் பாத்தீங்க டாக்டர், இத்தனை வருஷத்துல?"

அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. டேப்பின் ஒரு முனை தூக்கியிருந்ததை விரலால் அழுத்திவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு ஃபிலிம்கள் ஜன்னல் டாக்டரின் மேசைக்குப் போயின. ஆறு ஃபிலிம். அக்கா எதிரே நின்றாள். முதலாவதை ஜன்னலுக்குப் பிடித்தார், மூலையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டாவதில் தன் கன்னம் சற்று மங்கல் என்றார், ஆனால் மன்னித்தார். மூன்றாவது வாத்தியாருடையது.

வெள்ளைப் பேனா மூலைக்கு வந்து நின்றது. "என்னம்மா இது? என் முகம் வட்டமா வந்திருக்கு."

அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பட்டம் ஒண்ணையும் காணோம். ஒரே ஒரு கண்ணு மட்டும் தெரியுது." மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பல மாதமாக வெளியே வராத கண்ணாடி, தூசியை ஊதினார். ஃபிலிமை ஜன்னல் கம்பியோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, மூக்கு தொடும் அளவுக்கு நெருங்கினார். தன் முகத்தில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு மனிதன் எவ்வளவு அக்கறை காட்டுவானோ அவ்வளவு அக்கறையோடு அந்தப் புழுவைப் பார்த்தார்.

வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டு, நின்றது.

அவருடைய தோள்கள் இறங்கின. பூதக்கண்ணாடி பதினொன்றாவது படத்திலிருந்து பத்துக்குப் போனது. பன்னிரண்டுக்குப் போனது. திரும்பி வந்தது. மனுஷர் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"இது யார் தலை?" குரலில் வேறொரு ஆள் இருந்தார்.

"அந்த டிரைவிங் வாத்தியார் டாக்டர்."

"எப்போ ஆபரேஷன்?"

"நாளைக்குக் காலையில ஒன்பது மணி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, அக்காவுக்குத் தெரியாது; அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. பிறகு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். நிமிர நிமிரப் பழைய ஆளாகிக்கொண்டே வந்தார்.

"இந்தப் படத்தை முதல்லேயே ஏன் எனக்குக் காட்டல?"

"நேத்து வந்து சொன்னேன் டாக்டர்."

"தெளிவாச் சொல்லல."

அக்கா அவரைப் பார்த்தாள். மாடியில் ஒருவரின் தலை இருந்தது. இங்கே ஒருவரின் முகம் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றில்லை; முகத்தையும் காப்பாற்றினால்தான் தலை பிழைக்கும்.

"ஆமா டாக்டர். தெளிவாச் சொல்லல."

"அதானே." அவருக்கு மூச்சு சீராகிவிட்டது. டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். "எழுதிக்கோ. மேலும் நுட்பமான ஆய்வில், வளையத்துக்குள் புழுவின் தலை தெளிவாகக் காணப்படுகிறது. மூளையில் நாடாப்புழுத் தொற்று. புற்று இல்லை, சந்தேகமில்லை. அறுவை சிகிச்சை தேவையில்லை." பிறகு அக்காவிடம், "இனிமே ஆளுக்கு ரெண்டு ஃபிலிமாப் போடும்மா. ஒண்ணு தலைக்கு. ஒண்ணு எனக்கு" என்றார்.

அன்று மதியம் ஜன்னல் டாக்டர் நோயாளியைப் பார்க்க வார்டுக்குப் போனார். அப்படி ஒரு வழக்கம் அவருக்கு இல்லாததால் வழி கேட்க வேண்டியிருந்தது. வாத்தியாரின் தலையைக் காலையிலேயே மழித்துவிட்டிருந்தார்கள். சர்ஜனின் ஆள் ஊதா மசியால் இடது பக்கம் ஒரு வட்டமும் போட்டுவைத்திருந்தார். மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் ஃபோனில் இருந்தார்.

"உங்களுக்குக் கட்டி இல்லை. நான் பார்த்துவிட்டேன்" என்றார் ஜன்னல் டாக்டர். கைகளைக் கட்டிக்கொண்டு, சற்றே மேலே பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, மற்றதைச் சொல்ல, கூடவே வந்த இரண்டாவது டாக்டரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மனைவி எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். "கட்டி இல்லையா? நிஜமாவா? அப்போ என்னது?"

"புழும்மா. நாடாப்புழுவோட குஞ்சு."

மச்சான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். "புழுவா? எங்க மாப்பிள்ளை தலைக்குள்ளயா? என்ன டாக்டர், எவ்வளவு சுத்தமான குடும்பம்!"

"சுத்தமான குடும்பத்துக்கும் வரும் சார். நாடாப்புழு வயித்துல இருக்குற யாரோ ஒருத்தர், கை சரியாக் கழுவாம சமைச்சதைச் சாப்பிட்டிருப்பாரு. அதுல இருந்த முட்டை உள்ள போயிருக்கு. கடையாவும் இருக்கலாம், வீடாவும் இருக்கலாம். அதனால வீட்டுல எல்லாரும் மலப் பரிசோதனை பண்ணிக்கணும். நர்ஸ் டப்பா தருவாங்க."

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை, நான் எல்லார்கிட்டயும் கட்டின்னு சொல்லிட்டேனே. இப்போ போய்ப் புழுன்னா என்ன நினைப்பாங்க? கட்டின்னே இருக்கட்டும். ஆபரேஷன் பண்ணாமலே பெரிய டாக்டர் கரைச்சுட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"உங்க இஷ்டம் மச்சான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வாத்தியார். தலையைத் தடவினார், விரல் ஊதா வட்டத்தில் நின்றது. "டாக்டர், அது உயிரோடயா இருக்கு?"

"செத்துக்கிட்டு இருக்கு. உயிரோட இருந்த வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வருஷக்கணக்காக்கூட இருந்திருக்கும். சாகுறப்பதான் சுத்தி வீங்கும், வலிப்பு வரும்."

"எங்க மாமனார் மாதிரி" என்றார் வாத்தியார். "இருந்த வரைக்கும் சத்தமே இல்ல. போறப்பதான் வீட்டையே ரெண்டாக்கிட்டுப் போனாரு."

மனைவி அவர் காலில் ஒரு அடி போட்டாள். பிறகு அந்தக் காலையே பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக அழாதவள் என்பதால், பக்கத்துக் கட்டில்காரர்கள் நிலைமை மோசமாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

மாற்றிய ரிப்போர்ட் சாயங்காலம் டைப் ஆகி, கையெழுத்தாகி, உறைக்குள் போனது. சர்ஜனுக்கு ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று இரண்டாவது டாக்டர் ஆரம்பித்தார். "ரிப்போர்ட் பேசும்" என்றார் ஜன்னல் டாக்டர். கடிதக்கட்டு கொண்டுபோகும் ஆள் தினமும் காலை பத்து மணிக்கு வருவார். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பத்து மணி என்பது அந்தத் துறைக்கு எப்போதுமே போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அக்கா வேலைக்கு வந்தாள். சால்வையை எடுத்துக்கொண்டு டைப்பிஸ்டின் மேசையைக் கடக்கும்போது, வெளியே போக வேண்டிய தபால் தட்டில் அந்த உறை இருப்பதைப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட ஃபிலிமும் அதன் அடியிலேயே இருந்தது. இரண்டையும் அள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுகொண்டிருந்தது.

வார்டில் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டிருந்தது. பச்சை உடை மாட்டி, வாத்தியாரை அதில் படுக்க வைத்துவிட்டிருந்தார்கள். அவர் கூரையைப் பார்த்தபடி, "புழுன்னாங்களே, மாத்திரைன்னாங்களே" என்று யாரையும் குறிப்பிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"விடுங்கம்மா" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். "லிஸ்டுல பேர் இருக்கு. மேல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

"வேணாம்னு நேத்தே டாக்டர் சொல்லிட்டாரே!"

"எந்த டாக்டர்?"

"கை கட்டிக்கிட்டு நிப்பாரே!"

"அவர் வாயால சொன்னாரா, எழுதிக் குடுத்தாரா?" என்றாள் நர்ஸ். அவள் கெட்டவள் அல்ல. லிஸ்ட் மாறவில்லை என்பதால் இரவிலிருந்து அவரைப் பட்டினி போட்டிருந்தாள். புழு என்று கேள்விப்பட்டதால் மாத்திரைச் சீட்டையும் தயாராக எடுத்து வைத்திருந்தாள். எது வந்தாலும் சமாளிக்கலாம் என்ற ஏற்பாடு. "எழுதி வந்தா நானே இறக்கி விட்டுடுவேன்மா."

ஸ்ட்ரெச்சர் வார்டுக் கதவை இடித்துத் திறந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா அதன் மேலேயே வந்து மோதினாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. உறையை நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் கிழித்துப் படித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். "இறக்குங்க" என்றாள்.

வாத்தியார் தானே இறங்கினார். பச்சை உடையின் முதுகு திறந்திருப்பது நினைவுக்கு வந்து, சுவரோரமாகவே நகர்ந்து கட்டிலுக்குப் போனார். மனைவி கம்பியை இன்னும் விடவில்லை.

"அதெல்லாம் சரி" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். "ஆளைக் கொண்டுவான்னு அனுப்பினாங்க. வெறும் வண்டியோட போனா என்னைத்தான் கேப்பாங்க. யாராவது கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்குக் கையெழுத்து? இதைக் கொண்டுபோங்க" என்று நர்ஸ் ரிப்போர்ட்டை ஸ்ட்ரெச்சரில் வைத்தாள். அக்கா ஒட்டுப்போட்ட ஃபிலிமை அதன் பக்கத்தில் வைத்தாள். தள்ளுபவர் யோசித்தார். காற்றில் பறந்துவிடும் என்று தோன்றியதோ என்னவோ, வெள்ளைப் போர்வையை இழுத்து இரண்டையும் நன்றாகப் போர்த்தினார். தலைமாட்டில் தலையணையைச் சரிசெய்தார். மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து விலக்கிவிட்டு, சுவரில் இடிக்காமல், மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார்.

மணி ஒன்பது அடித்தது. வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"பசிக்குது" என்றார். "நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. இப்போ சாப்பிடலாமா?"

நர்ஸ் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. சாப்பிடலாம்னு இன்னும் யாரும் எழுதல."

"யார் எழுதணும்?"

"சர்ஜன் எழுதணும். இல்லன்னா பெரிய டாக்டர். யார்னு கேட்டுத்தான் சொல்லணும்."

வாத்தியார் அக்காவைப் பார்த்தார். அக்கா நர்ஸைப் பார்த்தாள். இதற்குள் மனைவி கட்டிலடியில் குனிந்து ஒரு ஆரஞ்சை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்திருந்தாள். நர்ஸ் அட்டையை மூடிவிட்டு, அடுத்த கட்டில்காரரின் தலையணையைத் தட்டிப்போடப் போனாள்.

முதல் சுளையை மனைவி அவர் வாயில் வைத்தாள். இரண்டாவதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மூன்றாவதை அக்காவிடம் நீட்டினாள்.

"புளிக்குது" என்றார் வாத்தியார், அடுத்த சுளைக்குக் கையை நீட்டிக்கொண்டே.